கடைசியாக நன்றாக இருந்த நேரம்

ஆம்புலன்ஸ் போய் நின்றால் எல்லா ஊரிலும் ஒரே கூத்துதான். பத்துப் பேர் ஓடி வருவார்கள். பத்துப் பேரும் சேர்ந்து பேசுவார்கள். அதில் ஒன்பது பேருக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்த பத்தாவது ஆள் வாயைத் திறக்க மாட்டான். அக்கா பின்கதவைத் திறந்து குதிப்பார். ஐந்தடிக்குக் குறைவான உயரம், கொண்டையில் செருகிய மார்க்கர் பேனா, உள்மணிக்கட்டுப் பக்கமாகத் திருப்பிக் கட்டிய கடிகாரம். கீழே கிடப்பவரின் பெயரைக் கேட்க மாட்டார். 'பயப்படாதீங்க' என்று யாருக்கும் சொல்ல மாட்டார். விரல் நாடியில் இருக்கும். கண் மட்டும் கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகப் போய்க்கொண்டிருக்கும்.

"கடைசியா நல்லா இருந்தது எப்ப?"

இதுதான் முதல் கேள்வி. இந்தக் கேள்விக்கு எங்கள் மாவட்டத்தில் ஒரே ஒரு பதில்தான் உண்டு. "இப்பத்தான்." கடற்கரையோ மிளகாய்க் காடோ, ஓலை வீடோ மாடி வீடோ, எல்லாரும் இப்பத்தான் விழுந்திருப்பார்கள், இப்பத்தான் நெஞ்சு வலித்திருக்கும், இப்பத்தான் மூச்சு வாங்கியிருக்கும். யாரும் ஏமாற்ற நினைத்துச் சொல்வதில்லை. தாமதம் பண்ணிவிட்டோம் என்று ஒப்புக்கொள்ள வாய் வராது, அவ்வளவுதான்.

"இப்பத்தான்னா? மணி சொல்லுங்க."

"ஒரு அரைமணி இருக்கும் தாயி."

"அரைமணியா? வாயில நுரை காஞ்சு பொருக்குத் தட்டிருச்சு. ஈ மொய்க்குது. ஈக்கு அரைமணியில ஆளு விட்டுச் சொல்லி அனுப்பினீகளாக்கும்?"

இப்படித்தான் பேசுவார். பெற்ற தாய் தலையில் அடித்துக்கொண்டு அழும்போதும் இப்படித்தான்.

நான் அந்த வண்டியின் ஓட்டுநர். எங்கள் வேலையில் ஓட்டுநரை 'பைலட்' என்பார்கள். உச்சிப்புளி ரயில்வே கேட்டில் இருபது நிமிடம் நிற்கிற பைலட். விலங்கியல் பட்டம் வாங்கிவிட்டு, அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டே, வீட்டில் சும்மா இருக்க முடியாமல் இதில் சேர்ந்திருந்தேன். எல்லாரும் அக்கா என்று கூப்பிடும் அவர், மருத்துவ உதவியாளர். பின்னால் அவர், முன்னால் நான், நடுவில் ஒரு சின்னக் கண்ணாடிச் சன்னல். இரண்டரை வருடம் அந்தச் சன்னல் வழியாகத்தான் அவரைப் பார்த்தேன். சில நாள் கைகூப்பத் தோன்றும். பல நாள் சன்னலைச் சாத்திவிடத் தோன்றும்.

அவர் காதில் விழும்படி 'ரெண்டு நிமிசம்' என்று யாரும் சொல்லக் கூடாது. சேர்ந்த புதிதில், "ரெண்டு நிமிசத்துல டீ குடிச்சிட்டு வாரேன்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏழு நிமிசம் நாப்பது செகண்டு. மூளைக்கு ரத்தம் போகலைன்னா ஏழு நிமிசத்துல நீ உங்க ஆத்தா பேரை மறந்துருவ. டீ நல்லா இருந்துச்சா?"

உண்மையாகவே டீயைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்து, "சுமார்தான்க்கா" என்றேன். வண்டியைக் கழுவ வந்த ஆள் வாளியை வைத்துவிட்டுச் சிரித்தார்.

மண்டபம் பக்கம் ஒரு கரையில் நடந்ததைச் சொன்னால் அவரைப் புரியும். நாட்டுப்படகு ஒன்று அப்போதுதான் கரை ஒதுங்கியிருந்தது. நாற்பது வயது ஆள் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மணலில் கிடந்தார். கூடக் கடலுக்குப் போன மூன்று பேர் சுற்றி நின்றார்கள். படகை ஓட்டியவர் கிடந்தவருக்கு மச்சினர், மனைவியின் கூடப்பிறந்த தம்பி. மனைவி மீன் வாங்கக் கொண்டுவந்த கூடையைக் கீழே போட்டுவிட்டுப் புருஷன் தலையை மடியில் வைத்திருந்தார்.

"கரையேறுனதுந்தான்க்கா நெஞ்சு வலிக்குதுன்னாக. ஒடனே போன் போட்டுட்டோம்," என்றார் மச்சினர்.

அக்கா ஒரு மாத்திரையை மென்று விழுங்கக் கொடுத்தார், ஆக்ஸிஜன் வைத்தார். கை வேலை செய்துகொண்டிருந்தது. கண் அந்த மூவரின் இடுப்பிலேயே இருந்தது.

"படகைத் தள்ளி ஏத்துனது யாரு?"

"நாங்கதான், நாலு பேரும்."

"நாலு பேருமா? நீங்க மூணு பேரும் நெஞ்சு வரைக்கும் நனைஞ்சு நிக்கிறீக. இவரு கைலி மட்டும் காஞ்சு உப்புப் பூத்திருக்கே, எப்படி?"

மூவரில் இளையவன் குனிந்து தன் ஈரக் கைலியைப் பார்த்தான். அது போதும் அக்காவுக்கு.

"ஏலே, நீ சொல்லு. எப்ப உக்காந்தாரு?"

"வலை பாதி ஏறும்போதுக்கா. ஒரு மாதிரியா வருதுன்னு உக்காந்துட்டாரு. வேர்த்து ஊத்துச்சு. மீதி வலையையும் எடுத்துட்டுப் போயிருவம்னு..."

"மீதி வலைக்கு எவ்வளவு நேரம்?"

"ரெண்டு மணி நேரம். கரைக்கு வர ஒண்ணரை."

"என்ன மீனு?"

"சீலா மீனுக்கா. நல்ல பாடு, வலை நெறைய."

அக்கா கொண்டையிலிருந்து பேனாவை உருவி, கிடந்தவரின் முன்கையில் மணியை எழுதினார். எழுதி முடித்து, மூடியைப் போட்டுவிட்டு, அந்த மனைவியைப் பார்த்துச் சொன்னார்: "கேட்டீகளா? நல்ல பாடாம்."

மூன்றாம் நாள் அந்த ஆள் இறந்துபோனார். ஒரு மாதம் கழித்து ஒரு பிரசவத்துக்கு அதே கரைக்குப் போனபோது பெண்கள் சொன்னார்கள்: பாடைக்குத் தோள் கொடுக்க வந்த தம்பியை அந்த மனைவி பிடித்துத் தள்ளிவிட்டாராம். அன்றிலிருந்து பேச்சு இல்லை. எதிர் எதிர் வீடு.

அதைக் கேட்டுவிட்டுத் திரும்பும் வழியில் எனக்குத் தாங்கவில்லை. "தனியாக் கூப்புட்டுக் கேட்டிருக்கலாம்லக்கா? அந்தம்மா முன்னாடி எதுக்கு?"

"தனியாக் கேட்டா ஆளுக்கொரு பொய் சொல்வாங்க. கூட்டத்துல கேட்டா எவனாச்சும் ஒருத்தன் மூஞ்சி மாறும். எனக்கு அந்த ஒரு மூஞ்சி போதும்."

"அது சரிக்கா. 'நல்ல பாடாம்'னு சொன்னது எதுக்கு?"

அக்கா பொட்டலத்திலிருந்து மிக்சரை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். கடைசியில் மிஞ்சும் வேர்க்கடலையை எனக்குச் சன்னல் வழியாக நீட்டுவார். அன்றைக்கும் நீட்டினார். நான் வாங்கவில்லை. அவரே தின்றுவிட்டார்.

அவரைப் பற்றி ஆஸ்பத்திரியில் கதைகள் உலவின. அவருடைய குழந்தை ஒன்று நேரத்துக்கு வண்டி வராமல் செத்துப்போனது என்றார்கள். இல்லை, புருஷன்தான் என்றார்கள். ஒரு நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டே இதை என்னிடம் சொன்னார். நானும் உருகிப்போய், ஒருநாள் சுற்றி வளைத்துக் கேட்டேன். அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"எங்க வீட்டுல யாரும் சாகலடா. எங்க மாமியாவுக்குத் தொண்ணூறு வயசு, இன்னும் என்னைத் திட்டிக்கிட்டிருக்கு. எனக்குக் கதையெல்லாம் கிடையாது. தாள்ல ஒரு கட்டம் இருக்கு. அதுல நேரம் எழுதணும். தப்பா எழுதறதுக்கு எதுக்கு எழுதணும்?"

அந்தக் கட்டத்துக்கு ஒரு மதிப்பு இருந்தது. மாவட்ட ஆஸ்பத்திரியில் வாசலில் நிற்கும் டாக்டர் நோயாளியின் சொந்தக்காரர்களைக் கேட்க மாட்டார். நேரே முன்கையைத் திருப்பி, மார்க்கரில் இருக்கும் மணியைப் பார்ப்பார். வேறு வண்டிகளில் வருகிறவர்களிடம் ஆயிரம் கேள்வி. எங்கள் வண்டியில் வந்தவருக்கு அக்கா எழுதியதுதான் நேரம். மறுபேச்சு இல்லை.

பக்கவாதத்தில்தான் இது உயிர்க் கணக்கு. மூளையில் ரத்தம் கட்டி அடைத்துக்கொண்டால், அதைக் கரைக்க ஓர் ஊசி இருக்கிறது. அரசு ஆஸ்பத்திரியில் காசு கேட்காமல் போடுகிறார்கள். ஆனால் நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதுவும் விழுந்ததைப் பார்த்த நேரத்திலிருந்து இல்லை, கடைசியாக அவர் நன்றாக இருந்ததை யாராவது பார்த்த நேரத்திலிருந்து. அதைத் தாண்டிப் போட்டால் மண்டைக்குள் ரத்தம் கசிந்து, கை கால் போனவர் ஆளே போய்விடலாம்.

கீழக்கரையில் ஒரு பெரிய வீடு. மகன்கள் இரண்டு பேரும் வளைகுடாவில். வீட்டில் எழுபது வயதுப் பெரியவரும் ஒரு மருமகளும் மட்டும். பெரியவர் சாய்வு நாற்காலியில் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தார், வாய் கோணியிருந்தது. நாங்கள் போனபோது மதியம் இரண்டு.

"மதியம் லுஹர் தொழுதுட்டு வந்து உக்காந்தாஹ. எங்கூட நல்லாத்தான் பேசுனாஹ. இப்பத்தான் இப்புடி ஆயிட்டாஹ," என்றார் மருமகள். பட்டுச் சேலை, கையில் மருதாணி, முகத்தில் வேர்வை.

நாற்காலிக்குப் பக்கத்து முக்காலியில் ஒரு கண்ணாடி டம்ளர். அக்கா அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். நிறைய டீ. மேலே தடியாக ஆடை கட்டியிருந்தது.

"இது எந்த நேரத்து டீ?"

"காலை டீ."

"காலை டீயைத் தொடாம வச்சிட்டு, எந்திரிச்சுப் போய்த் தொழுதுட்டு, திரும்பி வந்து அதே ஆறிப்போன டீ பக்கத்துல உக்காந்தாராக்கும்? உங்க மாமனாருக்கு டீன்னா ஆகாதோ?"

அந்தப் பெண் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். காலை எட்டு மணிக்கு டீயை வைத்துவிட்டுப் பக்கத்துத் தெருக் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். திரும்பி வந்தது ஒன்றரைக்கு. "அல்லாவுக்காகச் சொல்றேன் லாத்தா, சாப்புட்டுட்டு ஒடனே வரணும்னுதான் போனேன். பேச்சுல நேரம் போனது தெரியல. எழுதிராதீஹ, என்னைய வாழ விட மாட்டாஹ."

அக்கா எழுதினார். காலை எட்டு. அதன் பிறகு வீட்டில் யாரும் இல்லை.

ஊசி போடவில்லை. பெரியவர் பிழைத்தார், வலது பக்கம் போய்விட்டது. ஆஸ்பத்திரித் தாளை யாரோ படம் பிடித்து வளைகுடாவுக்கு அனுப்ப, ஒரே வாரத்தில் அந்தப் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இதைக் கேள்விப்பட்ட அன்றைக்கு நான் வண்டியை ஓரங்கட்டிவிட்டுச் சண்டை போட்டேன்.

"உங்களாலதான்க்கா."

"நான் நேரத்தை எழுதுனேன். அவ பேரை எழுதல."

"'வீட்டில் யாரும் இல்லை'ன்னு எழுதுனீங்கல்ல?"

"இருந்தாங்களா?"

நான் முன்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"நாலு மணி நேரம் குறைச்சு எழுதியிருந்தா ஊசி போட்டிருப்பாங்க. அந்த மனுசன் அன்னைக்கே மவுத்தாயிருப்பாரு. அப்ப அவ நல்ல மருமக. வண்டிய எடு."

அவர் தப்பு என்று எனக்குத் தெரியும். எங்கே தப்பு என்றுதான் பிடிபடவில்லை. இன்றைக்கும் பஸ்ஸில் ஏதாவது யோசித்துக்கொண்டு போகும்போது அந்த வாதத்தை மறுபடி எடுத்து, புதிதாக ஒரு பதில் கண்டுபிடித்து, ஜெயிக்கப் பார்க்கிறேன்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் அயோக்கியன் ஆவேன். நேரத்தைத் துருவுவது எப்போதும் கெடுதலிலேயே முடிந்துவிடவில்லை. மண்டபம் அகதிகள் முகாமில் ஒரு பெண் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் விழுந்து கிடந்தார். விடியற்காலையில் பார்த்ததோடு சரி, அப்புறம் யாரும் பார்க்கவில்லை என்றது மொத்த வரிசையும். அப்போது மணி பன்னிரண்டு. விடியற்காலை என்றால் ஊசி கிடையாது. நான் ஸ்ட்ரெச்சரை உருட்டிவிட்டேன். அக்கா உருட்ட விடாமல் நிறுத்தி, கொடியில் கிடந்த துணியைப் பிடித்துப் பார்த்தார்.

"இன்னும் சொட்டுது. இது யாரு துணி?"

"அவட துணிதான்."

"விடியக் காலம் விழுந்தவ எந்திரிச்சு வந்து துணி காயப் போட்டாளா? யாரோ பாத்திருக்கீக. யாரு?"

வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினார். ஐந்தாவது வீட்டில் ஒரு பெண் சொன்னார்: "பத்து மணி இருக்கும். என்ட துணியைத் தள்ளிவிட்டுட்டுத் தன்ட துணியைப் போட்டவள் எண்டு அவளோட சண்டை பிடிச்சனான்." விழுந்தவரும் வாய் நிறையப் பேசியிருக்கிறார், கை நீட்டிச் சண்டை போட்டிருக்கிறார். அக்கா 'காலை பத்து' என்று எழுதினார். ஊசி போட்டார்கள். பதினைந்தாம் நாள் அந்தப் பெண் தன் காலால் நடந்து வண்டிக்கு வந்து, ஒரு டப்பா முறுக்கை நீட்டினார்.

"நேரம் இருந்துச்சு, ஊசி போட்டாங்க. இதுல நான் எங்க வந்தேன்? சண்டை போட்டாளே, அவளுக்குக் கொண்டு போய்க் குடு," என்று கதவைச் சாத்திக்கொண்டார் அக்கா.

இனி எங்கள் வீட்டு விஷயம்.

மிளகாய் பழுத்துப் பறிப்பு நடக்கும் மாசி மாதம். எங்கள் ஊர் ராமநாதபுரத்திலிருந்து அபிராமம் போகும் பக்கம், உள்ளே. அன்றைக்குக் காலை மண்டபத்திலிருந்து ஒரு பிரசவ கேஸைப் பெரியாஸ்பத்திரியில் இறக்கிவிட்டு, வளாகத்தில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தோம். பதினொரு மணிக்கு அம்மா போன்.

"ஏலே, அய்யாவுக்கு வாயி கோணிருச்சுடா. எந்திரிக்க மாட்டேங்குறாக. கண்ணு மட்டும் முழிச்சுப் பாக்குதுடா."

நான் அழவில்லை. என் வாயிலிருந்து முதலில் வந்தது, "கடைசியா நல்லா இருந்தது எப்பம்மா?"

"ராத்திரி ஒம்பது மணிக்குச் சாப்புட்டுப் படுத்தாக. விடிய நான் நூறு நாள் வேலைக்குப் போகையில சொவரைப் பாத்துப் படுத்திருந்தாக. தூங்கட்டும்னு எழுப்பல. இப்பத்தான் வந்து பாத்தேன்."

இரவு ஒன்பது. பதினான்கு மணி நேரம். எனக்கு மற்றவர்களை விட நன்றாகத் தெரியும், அதற்கு என்ன அர்த்தம் என்று. மண்டைக்குள் ரத்தம் கசியும் என்பதும் தெரியும். அந்த நிமிடத்தில் அது மற்ற வீடுகளுக்கான விதியாகத் தெரிந்தது. எங்கள் அய்யா கல்லுப்போல ஆள், அவருக்கு ஒன்றும் ஆகாது, ஊசியை மட்டும் போட்டுவிட்டால் போதும்.

"ம்மா, நல்லாக் கேளு. யாரு கேட்டாலும், ஒம்பதே காலுக்கு நான் போன் பண்ணேன், அய்யா எங்கூட நல்லாப் பேசுனாகன்னு சொல்லு. வேற எதுவும் சொல்லாத."

"நீ எங்கடா பண்ண?"

"சொன்னதைச் சொல்லும்மா!"

பக்கத்தில் இருந்த வண்டி எங்களுடையதுதான். அழைப்பும் எங்களுக்கே வந்தது. போகும்போது அக்கா முன்னால் உட்கார்ந்தார். "யாருக்கு?" என்று கேட்டார். "எங்க அய்யாவுக்கு" என்றேன். "ஓட்டு," என்றார்.

பதினொன்று முப்பத்தைந்துக்கு வீட்டு வாசலில் நின்றோம். அய்யா கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். என்னைப் பார்த்ததும் ஏதோ சொல்ல வாய் எடுத்து, எச்சில்தான் வந்தது. அக்கா நாடியைப் பிடித்தார். கேள்வியைக் கேட்டார். அம்மா ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி ஒப்பித்தாள்.

"ஒம்பதே காலுக்கு இவன் போன் பண்ணான். அவுக நல்லாப் பேசுனாக."

அக்கா அம்மாவைப் பார்த்தார். பிறகு என்னை.

"பேசுனியா?"

"ஆமாக்கா."

"ஒம்பதே காலுக்கு?"

"ஆமா."

"ஒம்பதே காலுக்கு நீ உச்சிப்புளி கேட்டுல நின்னுக்கிட்டிருந்த. பின்னால அந்தப் பொண்ணு வலி தாங்காம என் கையைப் புடிச்சுக் கடிச்சா. இந்தா, தடம் இருக்கு. கேட்டைத் தொறக்கச் சொல்லுடான்னு நான் கத்த, நீ எறங்கிப் போய் அந்தாளு கால்ல விழாத குறையா கெஞ்சிக்கிட்டு நின்ன. எந்தக் கையால போன் பேசுன?"

வாசலில் கூடியிருந்த ஒருத்தர் இருமுவதுபோல் சிரித்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய வாய்க்குள்ளிருந்தே எல்லாம் வந்துவிட்டது: ராத்திரி ஒன்பது மணி, சுவரைப் பார்த்துப் படுத்தது, எழுப்பாமல் போனது.

அக்கா அய்யாவின் முன்கையில் 'இரவு 9' என்று எழுதினார்.

அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "தாயி, ஒரு ஊசிதானே. போட்டுத்தான் பாப்பமே. உனக்கென்ன நட்டம்?"

"எனக்கு ஒரு நட்டமும் இல்ல. ரத்தம் கசிஞ்சா அவருக்குத்தான் நட்டம். கையை விடுங்க, தூக்கணும்."

பன்னிரண்டு பத்துக்கு ஆஸ்பத்திரி வாசல். டாக்டர் முன்கையைத் திருப்பும்முன் நான் முந்திக்கொண்டேன்: "ஒன்பதே கால் சார், நானே பேசினேன்." அவர் மார்க்கர் எழுத்தைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். அக்கா தலையை மட்டும் இப்படியும் அப்படியும் ஆட்டினார். பன்னிரண்டரைக்கு ஸ்கேன் வந்துவிட்டது. ரத்தக் கசிவு இல்லை, அடைப்புதான். "நேரம் தாண்டிருச்சு தம்பி," என்றார் டாக்டர்.

இரண்டு வாரம் கழித்து அய்யாவைத் தூக்கிக்கொண்டு வந்து அதே கட்டிலில் போட்டோம். வலது பக்கம் இல்லை. பேச்சு இல்லை. 'ப்பா, ப்பா' என்று ஒரு சத்தம் மட்டும். பசிக்கும் அதுதான், வலிக்கும் அதுதான். அம்மா அவருக்குக் கஞ்சி ஊட்டும்போதெல்லாம் அக்காவைத் திட்டுவாள். "அந்தக் கல்லு மனசுக்காரி விளங்குவாளா? ஒரு மனுசனை உசுரோட சாச்சுட்டுப் போயிட்டாளே." நான் மறுத்துப் பேசியதில்லை. வேறு ஷிஃப்டுக்கு எழுதிக் கொடுத்து மாற்றிக்கொண்டேன். சில நாள் நானும் சேர்ந்து திட்டினேன், நன்றாகவே திட்டினேன்.

அப்புறம் ஒரு நாள் ஊர் முக்கில் டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். கடைக்காரர் வடையைத் தாளில் வைத்து நீட்டிக்கொண்டே சொன்னார்: "மனுச வாழ்க்கையைப் பாருப்பா. அன்னைக்குக் காலைல எட்டரைக்கு உங்க அய்யா இங்கன, நீ உக்காந்திருக்கிற எடத்துலதான் உக்காந்திருந்தாரு. வத்தல் வெலை கேட்டாரு. தலை கனமா இருக்கு, போய்ப் படுக்கிறேன்னு எந்திரிச்சுப் போனாரு."

"எட்டரையா?"

"எட்டரை பஸ் வந்து நிக்கையிலப்பா. ஏன்? உங்களுக்குத் தெரியாதா?"

யாரும் அவரைக் கேட்கவில்லை. அய்யா எழுந்து, டீக் குடித்து, நடந்து திரும்பி வந்து, அதே கட்டிலில் படுத்திருக்கிறார். எட்டரையிலிருந்து நாலரை மணி நேரம் என்றால் ஒரு மணி. ஸ்கேன் வந்தது பன்னிரண்டரைக்கு. அரைமணி நேரம் எங்கள் கையில் இருந்திருக்கிறது.

வடையைக் கையில் பிடித்தபடியே பைக்கை எடுத்துக்கொண்டு அக்கா வண்டி நிற்கும் இடத்துக்குப் போனேன். அவரைக் குத்துவதற்காகவே போனேன். "உங்க நேரம் தப்புக்கா. எட்டரை. ராத்திரி ஒம்பது இல்ல, காலைல எட்டரை. அய்யா நடந்து போய் டீக் குடிச்சிருக்காரு." சொல்லும்போது எனக்கு ஒரு சந்தோஷம்கூட இருந்தது, அதை மறைக்க மாட்டேன். "யாரு சொன்னா? கடை எங்கன இருக்கு?" என்று மட்டும் அக்கா கேட்டுக்கொண்டார்.

மறுநாள் அவருக்கு விடுமுறை. சேலை கட்டி, பஸ் ஏறி, எங்கள் ஊருக்கு வந்தார். வீட்டுக்கு வருமுன் டீக்கடைக்குப் போயிருக்கிறார். அய்யா எந்தக் கையால் டம்ளரைப் பிடித்தார், சிந்தினாரா, பேச்சுக் குழறியதா, எழுந்து போகும்போது கால் இழுத்ததா என்று கடைக்காரரைக் கால்மணி நேரம் உலுக்கி எடுத்துவிட்டார். பிறகு எங்கள் வீட்டுக்குள் வந்து நேரே கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார்.

"அய்யா, நீங்க எட்டரைக்கு நல்லா இருந்தீக. டீக்கடை வரைக்கும் நடந்து போயிட்டு வந்திருக்கீக. நான் தெருவுல கேக்கல. ராத்திரி ஒம்பதுன்னு எழுதிட்டேன். அது தப்பு. அரைமணி நேரம் மிச்சம் இருந்துச்சு."

"ப்பா," என்றார் அய்யா.

அடுப்படியிலிருந்து வந்த அம்மாவுக்கு அப்போதுதான் விஷயமே தெரிந்தது. நான் வீட்டில் சொல்லியிருக்கவில்லை. அவள் அக்காவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். என்ன வார்த்தை சொன்னாள் என்று எழுத முடியாது. அக்கா அவள் முடிக்கும் வரை நின்றார். மணிக்கட்டைப் பார்க்கவில்லை.

"ஏன் கேக்கல? ஊரு பூரா கேப்பியாமே, எங்க தெருவுல மட்டும் ஏன் கேக்கல?" என்றாள் அம்மா மூச்சு வாங்கிக்கொண்டு.

"எல்லா வீட்டுலயும் தெரியாம இருப்பாங்க, நான் தேடுவேன். உங்க வீட்டுல ஒரு நேரத்தை முன்னாடியே தயார் பண்ணி வச்சிருந்தீக. அதை உடைச்சேன். உடைச்சதும் உள்ள இருந்து வந்ததை நெசம்னு எடுத்துக்கிட்டேன். அது என் தப்பு. ‘தெரியலை’ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தெருவுல எறங்கியிருப்பேன்." அக்கா கீழே வைத்த பையை எடுத்தார். "அந்த ஒம்பதே காலை உங்களுக்குச் சொல்லிக் குடுத்தது யாரு?"

அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, அய்யாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, கேட்டார்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். அய்யாவின் கண்ணும் என் மேல்தான் இருந்தது. அவருக்கு என்ன புரிந்தது என்று எனக்குத் தெரியாது. அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

அய்யா அதற்குப் பிறகு ஏழு மாதம் இருந்தார். அந்த ஏழு மாதத்தில் அம்மா அக்காவை ஒரு வார்த்தை திட்டவில்லை. என்னையும் திட்டவில்லை. சோறு போட்டாள், துணி துவைத்துப் போட்டாள். அய்யாவுக்குக் கஞ்சி ஊட்ட நான் கரண்டியை எடுத்தால் மட்டும், அதை என் கையிலிருந்து வாங்கிக்கொள்வாள்.